நாற்பது மில்லிமீட்டர்

போன ஆட்டுக்குட்டிக் காலத்தில்
யோர்வெர்த்தின் பண்ணைக்கு ஏறும் பாதையில்
நடுமேட்டில் வயிறு தட்டி நின்றது என் ஜிம்னி.
செங்கல்லின் மேல் வைத்த ஆமை போல
நாலு சக்கரமும் சுற்றின, போக இடமில்லை.
மருந்துப் பையைத் தோளில் போட்டு
மீதி மைலை நடந்தேன்.
போய்ச் சேர்ந்தபோது ஆடு அடங்கியிருந்தது.
குட்டி ஒன்று மட்டும் வைக்கோலில் தலை தூக்கிப் பார்த்தது.
யோர்வெர்த் என்னைத் திட்டவில்லை.
தேத்தண்ணீர் போட்டுத் தந்தார்,
மழையில் வந்திருக்கிறீர்கள் டாக்டர், என்று.
அந்தத் தேத்தண்ணீர்
ஒரு வருடமாகத் தொண்டையில் நிற்கிறது.

ஆகவே இந்தப் பெட்டிகள்:
சுருள்வில் நாலு, ஷாக் அப்சார்பர் நாலு,
கொஞ்சம் நீளமான பிரேக் குழாய்கள்,
படங்களை மட்டுமே நம்பும் ஒரு விளக்கத்தாள்.
ட்ராலி ஜாக் இல்லை. ஸ்டாண்டுகளும் இல்லை.
அவை தவரூபனிடம் இருந்தன.
சாமான் பிரித்தபோது அவன் பக்கம் போனவை.
ரைஸ் குக்கர் என் பக்கம் வந்தது.

கோவென்ட்ரியிலிருந்து மூன்று மணிநேரம் ஓட்டி வந்தவன்
வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதா என்று யோசித்து நின்றான்.
நேரே கராஜுக்கு வா, என்றேன்.

பெதெஸ்டாவில் மழை நிற்பதில்லை,
இடையிடையே மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.
ஸ்லேட் கூரையில் அது நடக்கும் சத்தத்துக்குக் கீழே
நாங்கள் இருவரும் முதுகில் படுத்து
ஒரே துருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பின் இடது கீழ் போல்ட் அசையவில்லை.
எண்ணெய் அடித்தோம். காத்திருந்தோம்.
நெருப்புக் காட்டினோம். காத்திருந்தோம்.
ஸ்பானரின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி
என் முழு ஐம்பத்திரண்டு கிலோவையும் தொங்கவிட்டேன்.
டக்.
இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
உடைகிற சத்தமும் கழல்கிற சத்தமும் ஒன்றுதான்,
தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.
கழன்றிருந்தது.

அச்சு இறங்க, பழைய வில் கையோடு வந்துவிட்டது.
பதினான்கு வருடம் பாரம் சுமந்தது
எந்தத் தகராறும் இல்லாமல்.
புதியதைப் பக்கத்தில் நிறுத்தினான்.
இரண்டு விரல் உயரம் கூட.
"உதுக்கோ இவ்வளவு காசு?"

எட்டும் மாட்டி முடிய, அவசரத்தில்
கீழ்த் தண்டின் நட்டை இறுக்கப் போனேன்.
என் கையைத் தொடாமல்
ஸ்பானரை மட்டும் பிடித்தான்.
"காத்தில வைச்சு இறுக்காதை.
சக்கரம் நிலத்தில நிக்கோணும்,
பாரம் முழுக்க வந்து இருக்கோணும்,
அதுக்குப் பிறகு இறுக்கு.
இல்லாட்டி ரப்பர் முறுகினபடியே இருந்து கிழியும்."
ஹாரோவில் ஒரு மண்டபத்தில்
சந்தித்துப் பதினோராம் நாள்
எங்களுக்குக் கலியாணம் நடந்தது.
நான் பதினேழாம் நம்பர் சாக்கெட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

இறக்கினோம். இறுக்கினோம். அளவுநாடாவைப் பிடித்தான்.
பின் அச்சு இடப்பக்கம் ஏழு மில்லிமீட்டர் தள்ளி இருந்தது.
"உசத்தினா நேரா உசராது,
ஒரு பக்கம் இழுக்கும்," என்றான்.
குறுக்குத் தண்டை மாற்ற இன்னொரு பெட்டி வரவேண்டும்.
அதுவரை கொஞ்சம் கோணலாகவே ஓடட்டும்.

மங்கிய வெளிச்சத்தில் விளக்கைப் போட்டோம்.
அது எதிர்வீட்டு மாடி ஜன்னலில் போய் ஏறி உட்கார்ந்தது.
திரை விலகி ஒரு கை எங்களைப் பார்த்து அசைந்தது,
வாழ்த்தவோ, வையவோ.
நான் சுவரோரம் நின்று சொல்ல, அவன் திருகைத் திருப்பினான்:
இன்னும், இன்னும் கீழே, நில்.

போகும்போது ஜாக்கை ஏற்றிக்கொண்டான்.
"ஐந்நூறு மைல் ஓடினதும்
எல்லா நட்டையும் ஒருக்கா திரும்ப இறுக்கோணும்.
டார்க் ரென்ச் இருக்கோ?"
வாங்குவேன், என்றேன்.
வாங்கினேன்.

நேற்று இரவு இரண்டு மணிக்கு யோர்வெர்த் அழைத்தார்.
நடுமேட்டில் புல் மட்டும்தான்
அடிவயிற்றைத் தடவிப் போனது.
கொட்டகை வாசலில் கதவைத் திறந்து
இருட்டில் காலை நீட்டினேன்.
நிலம் கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தது.